இரண்டு டாக்டர்கள், ஒரு காது

அத்தியாயம் ஒன்பது

"ஒருத்தர் காது கேக்குதுங்கறார். இன்னொருத்தர் கேக்கலைங்கறார். ரெண்டு பேரும் டாக்டர். பார்த்தது ஒரே ஆளோட ஒரே ஜோடிக் காது. எனக்கென்னமோ சார், அந்த ஆளை விட்டுட்டு இந்த டாக்டருங்க ரெண்டு பேரையும் யாராச்சும் பரிசோதிச்சா தேவலைன்னு தோணுது."

விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் குதிரை வண்டிக்குள் ஏறிக்கொண்டே தனக்கோடி இதைச் சொன்னான். துப்பறியும் கலியமூர்த்தி பிளாட்பாரத்தில் வாங்கிய அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, தோலைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தனக்கோடி பார்த்து வருகிறான். மனிதர் எதையும் கீழே போடுவதில்லை, தோலானாலும் சரி, யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையானாலும் சரி.

"ஒரே தராசுல வைக்காதீங்க தம்பி," என்றார் வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ராஜாங்கம். இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி. மெட்ராஸிலிருந்து கூடவே வந்தவர். வழியெல்லாம் தோல்பையை மடியை விட்டு இறக்காதவர். "எங்க டாக்டர் சீமையில படிச்சவர். இந்த ஊரு டாக்டர் போர்டுல பெயிண்டே உரிஞ்சு போயிருக்காம்."

"அப்ப சரி சார். போர்டுக்குப் பெயிண்ட் அடிச்சா வைத்தியம் பலிச்சிரும்."

ராஜாங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். இந்த ஊர்க்காரர் ஷபியுல்லா, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். போன வருஷம் நடுக்கடலில் அவர் தலைக்குப் பக்கத்தில் நீராவிக் குழாய் வெடித்தது. ஆள் பிழைத்தார். காது இரண்டும் போய்விட்டது என்று நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார். கப்பல் கம்பெனிக்காக அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியது ராஜாங்கத்தின் கம்பெனி. அவர்கள் தங்கள் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர், 'காது நன்றாகக் கேட்கிறது, கப்பலுக்குத் திரும்பலாம்' என்று எழுதிக் கொடுத்தார். ஷபியுல்லாவுக்கு வைத்தியம் பார்த்த ஊர் டாக்டர், 'இரண்டு காதும் அடியோடு போயிற்று' என்று எழுதியிருந்தார். விசாரிக்கிற கமிஷனர் இரண்டையும் பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டு, கடலூர் ஆஸ்பத்திரியில் மூன்றாவதாக ஒரு டாக்டர் பார்க்கட்டும், அவர் சொல்வதே முடிவு என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அந்த மூன்றாவது டாக்டர் பார்க்கப்போவது நாளைக்கு. அவர் கையில் கொடுக்க ராஜாங்கத்துக்கு ஓர் அறிக்கை வேண்டும். அதற்குத்தான் கலியமூர்த்தி.

"ஆளு நடிக்கிறான் சார். செவிடன்னு சொல்லிக்கிட்டு இங்க பீங்கான் கொட்டகையில கப்பு தட்டிப் பார்க்கிற வேலை பார்க்கிறான். தட்டினா சத்தம் கேக்கணும், கேட்டாத்தான் விரிசல் எதுன்னு தெரியும். செவிடன் எப்படி சார் அந்த வேலை பார்ப்பான்?" என்றார் ராஜாங்கம்.

கேட்டதும் தனக்கோடிக்கே கொஞ்சம் சுருதி இறங்கியது.

நேற்று மெட்ராஸில் அந்தச் சீமை டாக்டரைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நோயாளி இந்தப் பக்கம், தான் அந்தப் பக்கம், நடுவில் ஒரு கண்ணாடி மேஜை. அவருடைய பரிசோதனைக் கூடமே அவ்வளவுதான்.

"எதிர்ல உக்கார வச்சு வரிசையாக் கேள்வி கேட்டேன் மிஸ்டர் கலியமூர்த்தி. பேரு, ஊரு, கப்பல் பேரு, பொண்டாட்டி பேரு. ஒண்ணு விடாம டக்கு டக்குன்னு பதில் சொன்னான். செவிடனாம், செவிடன்! கொழுப்பு வேற ஜாஸ்தி. நான் கை கழுவிக்கிட்டே 'சரி, நீ போகலாம்'னு சொல்றேன். கல்லு மாதிரி உக்காந்திருக்கான். மறுபடி சொல்றேன். அசையல. கடைசியில நானே வந்து தோளைத் தட்டி வாசலைக் காட்ட வேண்டியதாப் போச்சு."

அப்போது கலியமூர்த்தி செய்த காரியம்தான் தனக்கோடிக்கு வேடிக்கையாக இருந்தது. எழுந்துபோய், மூலையில் சுவரோடு இருந்த வாஷ்பேசினில், சுத்தமாக இருந்த கையை மறுபடி கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சீமைத் தண்ணியா சார்?" என்று வெளியே வந்து கேட்டான் தனக்கோடி.

"இல்லடா. சுவரு எந்தப் பக்கம்னு பார்த்தேன்."

இப்படித்தான். கேட்டால் ஒன்றும் விளங்காது.

*

ஊர் டாக்டரின் போர்டில் பெயிண்ட் உரிந்திருந்தது உண்மைதான். டாக்டர் மாயவன் ஒரு நோயாளியின் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அதை மறந்து இவர்களிடம் பேச வந்துவிட்டார்.

"ரெண்டு காதும் போச்சுங்க. சுத்தமாப் போச்சு. நான் எழுதிக் குடுத்திருக்கேனே."

"எப்படிப் பார்த்தீங்க டாக்டர்?" என்றார் கலியமூர்த்தி.

"டார்ச் அடிச்சுத்தான்."

"உள்ள என்ன தெரிஞ்சுது?"

டாக்டர் யோசித்தார். "பேட்டரி கொஞ்சம் வீக்கா இருந்துச்சுங்க. ஆனா அந்தம்மா ஜெரினா இருக்காங்களே, அவரோட சம்சாரம், அவங்க அழுத அழுகையைப் பார்த்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பொய்க்கு யாரும் அப்படி அழ மாட்டாங்க."

வெளியே வந்ததும் ராஜாங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "பார்த்தீங்களா? பொண்டாட்டி அழுதா புருஷன் செவிடு. என்ன வைத்தியம்யா இது!"

இந்த ஒரு விஷயத்தில் ராஜாங்கத்தோடு சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறதே என்று தனக்கோடிக்கு எரிச்சலாக இருந்தது. மனசுக்குள் ஒழுங்காக அடுக்கிப் பார்த்தான். ஒரு டாக்டர் கேள்வி கேட்டார், பதில் வந்தது. இன்னொரு டாக்டர் கண்ணீரைப் பார்த்தார், சான்றிதழ் எழுதினார். ஆளோ காதை வைத்துச் செய்கிற வேலை செய்கிறான். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஷபியுல்லா பொய்யன். தான் எங்கேயோ தப்பாக அடுக்குகிறோமோ என்று ஒரு சந்தேகமும் இருந்தது. அந்தச் சந்தேகம் அவனுக்கு எப்போதும் இருப்பதுதான் என்பதால் அதை அவன் மதிக்கவில்லை.

"சார், முதல் டாக்டராவது ஆளைப் பார்த்தாரு. இவரு அதுகூட இல்ல."

"படிப்பையும் போர்டையும் எடை போடாத தனக்கோடி. எப்படிப் பார்த்தாங்கன்னு எடை போடு."

"போட்டாச்சு சார். ரெண்டுமே காத்து."

"அப்ப நாமதான் பார்க்கணும். வா, கப்பு வாங்கப் போவோம்."

*

ரயில் பாதையை ஒட்டி இருந்தது பரக்கத்துல்லாவின் பீங்கான் கொட்டகை. பின்னால் புகைபோக்கி, பக்கத்தில் மண் அரைக்கிற மில். அது ஓடிக்கொண்டே இருந்ததால் காலடியில் தரை நாள் முழுக்கச் சன்னமாக நடுங்கியது.

அங்கே போட்ட வேஷத்தில் தனக்கோடி மெட்ராஸில் ஓட்டல் திறக்கப்போகிற முதலாளி. கலியமூர்த்தி அவன் மாமா. ராஜாங்கம் கணக்குப்பிள்ளை. இந்தப் பங்கு ராஜாங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க வாங்க," என்றார் பரக்கத்துல்லா. வெள்ளைத் தொப்பி, புழுதி படிந்த கைலி, குரலில் நல்ல வியாபாரச் சிரிப்பு. "எத்தினி டேபிளு போடறீங்க?"

"ஓட்டல் சின்னதுதான் பாய். பசி பெருசு."

கொட்டகைக்குள் பெண்கள் ஒரே வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சின்ன மரக்குச்சி. சூளையிலிருந்து வந்த கப்பைக் காதோரம் தூக்கி, ஒரு தட்டு. கணீர் என்றால் வலது கூடை, சொத்தென்று விழுந்தால் இடது கூடை. கொட்டகை முழுக்கக் கிண்கிணி என்று ஒரே சத்தம்.

வரிசைக்குக் கடைசியில், பெண்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரமாக ஒரே ஓர் ஆண் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி. கழுத்திலிருந்து காதுவரை வெந்த தழும்பு. அவருக்கு எதிரே, சுவரில் சாய்ந்து, கப்புகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள் ஒரு அம்மாள். தலையில் முக்காடு. ஷபியுல்லாவும் ஜெரினாவும்தான் என்று ராஜாங்கம் முழங்கையால் இடித்துக் காட்டினார்.

ஷபியுல்லா தட்டினார். வலது. தட்டினார். வலது. தட்டினார். இடது. தடுமாற்றமே இல்லை. கப்பைக்கூட அவர் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, எதிரே பார்த்தபடியே வேலை செய்தார்.

தனக்கோடி வலது கூடையிலிருந்து நாலைந்து கப்பை எடுத்துத் தட்டிப் பார்த்தான். எல்லாம் கணீர். இடது கூடையில் ஒன்றை எடுத்துத் தட்டினான். சொத்.

வழியெல்லாம் இந்த ஆளுக்காக அல்லவா வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தான்?

"இதையும் பாருங்க," என்று கிசுகிசுத்த ராஜாங்கம், ஷபியுல்லாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "ஷபியுல்லா பாய்!" என்று கூப்பிட்டார்.

ஜெரினா நிமிர்ந்து பார்த்தாள். ஷபியுல்லா சட்டென்று திரும்பினார். "சொல்லுங்க!" என்றார் கொட்டகையே அதிரும் குரலில்.

ராஜாங்கத்தின் முகத்தில் தீபாவளி. "ஒண்ணுமில்ல பாய், சும்மா," என்று திரும்பி வந்தார். "போதுமா சார்? நடிப்புக்காரப் பய. வாங்க, அறிக்கையை எழுதுங்க. சாயங்கால வண்டியைப் புடிச்சிரலாம்."

"எழுதிரலாம் சார்," என்றான் தனக்கோடி கசப்பாக. "காது இருக்குது. நாணயந்தான் இல்ல."

கலியமூர்த்தி அவனைப் பார்த்தார். "நீ யாரைப் பார்த்துக்கிட்டு இருந்த?"

"அந்த ஆளைத்தான்."

"அந்த ஆளு யாரைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு?"

தனக்கோடி திரும்பிப் பார்த்தான்.

கலியமூர்த்தி அதற்குள் ஜெரினாவிடம் போயிருந்தார். "ஏம்மா, மெட்ராஸ் வரைக்கும் லாரியில போவணும். பெட்டி கட்டறதை வாசல் வெளிச்சத்துல எங்க கணக்குப்பிள்ளைக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்."

அவள் தயங்கினாள். "இங்கியே காட்டறனேங்க."

"இருட்டா இருக்குதும்மா."

ஜெரினா பரக்கத்துல்லாவைப் பார்த்தாள். அவர் எங்கேயோ பார்த்தார். அவள் மெல்ல எழுந்தாள். எழுந்திருக்கும்போது புருஷனின் முழங்காலை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள்.

ஷபியுல்லா குச்சியைக் கீழே வைத்தார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். மறுபடி முகத்தைத் துடைத்தார். கலியமூர்த்தி நகராமல் அவர் எதிரிலேயே நின்றார். ஓட்டல் முதலாளியின் மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நேரம்தான் முகம் துடைப்பது? குச்சியை எடுத்தார். தட்டினார். கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. வலது.

அப்போது தெற்கேயிருந்து சரக்கு ரயில் வந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் வந்ததும் வீல் என்று ஊதியது. அடுத்த நொடி காதில் வேறெதுவும் விழவில்லை. இரும்பு மேல் இரும்பு உருளுகிற சத்தம் மட்டும்.

வரிசையில் இருந்த அத்தனை பெண்களின் கையும் ஒன்றுபோல நின்றது. ஒருத்தி கொட்டாவி விட்டாள். ஒருத்தி கூந்தலை முடிந்தாள். குச்சிகள் எல்லாம் மடியில் கிடந்தன. ரயில் போகும்போது யாரும் தட்டுவதில்லை. தட்டிப் பிரயோஜனம் இல்லை. கப்பு என்ன சொல்கிறது என்று எவருக்குக் கேட்கும்?

ஒரே ஒரு குச்சி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஷபியுல்லா, தனக்குப் பின்னால் எல்லாக் கையும் நின்றுவிட்டது தெரியாமல், நிதானமாக, பொறுப்பாக, தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தார். வலது. வலது. இடது. வலது.

கடைசிப் பெட்டியும் கடந்து சத்தம் தேய்ந்ததும், வாசலிலிருந்து ராஜாங்கத்தின் குரல் ஆனந்தமாக எழுந்தது.

"பார்த்தீங்களா? ரயில் சத்தத்துலகூடப் பிரிச்சுப் போடறான்! என்னா கூர்மையான காதுய்யா!"

கொட்டகையே சிரித்தது.

"யாரு சார் இவரு?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் வரிசையில் மூத்தவளான பாஞ்சாலை. "ரயிலு போறப்ப கப்பைத் தட்டிக் கேப்பாங்களா? அதுக்குக் குச்சி எதுக்கு, ஜோசியம் பார்க்கலாமே!"

சிரித்துக்கொண்டே திரும்பியவள் ஷபியுல்லாவின் முதுகைப் பார்த்தாள். அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் சிரித்தது அவரைத் தொடவே இல்லை. பாஞ்சாலையின் சிரிப்பு வாயிலேயே நின்றது. ஒவ்வொருத்தியாக அடங்கினார்கள்.

தனக்கோடி குனிந்து, கடைசியாக வலது கூடையில் விழுந்த கப்பை எடுத்துத் தட்டினான்.

சொத்.

அவனுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. தட்டியது ஷபியுல்லாவின் கை, கேட்டது ஜெரினாவின் காது. அவள் கப்பைச் சுற்ற வைக்கோலை வலப்பக்கம் எடுத்தால் வலது, இடப்பக்கம் எடுத்தால் இடது. பின்னாலிருந்து ராஜாங்கம் கூப்பிட்டபோதும் முதலில் நிமிர்ந்தது அவள்தான். ரயில் வந்தால் அவள் கையை நிறுத்துவாள், அவரும் நிறுத்துவார். இன்றைக்கு நிறுத்தச் சொல்ல எதிரே ஆள் இல்லை. மில் ஓடி ஓடி எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கிற தரை, ரயில் வந்தது என்று தனியாகச் சொல்லவும் இல்லை.

"ஆனா மெட்ராஸ் டாக்டருக்குப் பதில் சொன்னானே!" என்று கத்தினார் ராஜாங்கம்.

"எஞ்சின் அறையில யாரு பேசினாலும் யாருக்கும் கேக்காது சார்," என்றார் கலியமூர்த்தி. "உதட்டைப் பார்த்துத்தான் வேலை. வருஷக்கணக்கா அதே பழக்கம். உங்க டாக்டர் எதிர்ல உக்காந்து கேட்டாரு, பதில் வந்துச்சு. மூலையில போயி சுவரைப் பார்த்துக் கை கழுவிக்கிட்டே 'போகலாம்'னாரு. இவரு கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு. உங்க டாக்டர் நல்லாத்தான் பரிசோதனை பண்ணியிருக்காரு. என்ன, தான் பண்ணினது பரிசோதனைன்னு அவருக்கே தெரியல. கொழுப்புன்னு நெனச்சுட்டாரு."

"அப்ப ஊரு டாக்டரு?" என்றான் தனக்கோடி.

"அவரு பார்க்காமலே சரியா எழுதினாரு. அதுக்காக அவருக்கு மாலை போடணும்னு இல்ல."

ஜெரினா ஓடி வந்து புருஷனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லா முகமும் தன் பக்கம் இருப்பதைக் கண்டதும் குச்சியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சத்தம் போட்டுச் சொல்லாதீங்கண்ணே," என்று கலியமூர்த்தியிடம் கெஞ்சினாள் ஜெரினா. கண்ணால் பரக்கத்துல்லாவைக் காட்டினாள். "எங்க சாதிகாவை அவங்க வூட்டுக்குத்தான் மருமகளாக் கேட்டிருக்காங்க. செவிட்டுக் குடும்பம்னு சொல்லிட்டா எம்பொண்ணு கதி என்ன? அதனாலதான் இந்த வேலையே கேட்டு வாங்கினோம். ஊரு பார்க்கட்டும், காது நல்லாருக்குதுன்னு நெனைக்கட்டும்னு."

தனக்கோடிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கமிஷனரிடம் செவிடு என்று மனு. ஊருக்குக் காது கேட்கிறது என்று நாடகம். அந்த நாடகத்தையே ராஜாங்கம் டிக்கெட் வாங்காமல் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்லப் பார்த்தார்.

பரக்கத்துல்லா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியும்மா. வந்த அன்னிக்கே தெரியும். நீ தண்ணி குடிக்கப் போன. ரயிலு வந்துச்சு. சம்பந்தி தட்டிக்கிட்டே இருந்தாரு."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு வேலையை வுட்டுடுவீங்க. அதுவும் இல்லாம," அவர் குரல் தணிந்தது, "எங்க வூட்டுல வாய்ச் சண்டை ஜாஸ்தி. அது காதுல வுழாத சம்பந்தி யாருக்குக் கிடைப்பான்?"

பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜாங்கம் தோல்பையை மார்போடு அணைத்தார். "இதெல்லாம் சரி. அறிக்கைக்குக் காசு குடுக்கறது எங்க கம்பெனி. அது எங்க சொத்து. நாளைக்குக் கடலூர் டாக்டர் கைக்கு அது போகாது. போகாட்டி, பழைய ரெண்டு சான்றிதழ்தான். சீமைப் படிப்புக்கு எதிர்ல உங்க டார்ச் லைட்டு நிக்குமா?"

"அறிக்கை போவாட்டி என்ன சார்?" கொட்டகை அதிர்ந்தது. ஷபியுல்லா எழுந்து நின்றிருந்தார். ராஜாங்கத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த கண். "நான் போறேன்ல!"

"நாங்களும் வரோம்," என்றாள் பாஞ்சாலை. "ரயிலு போறப்ப தட்டினாருன்னு சொல்லத்தான? இதுக்குச் சீமையில படிக்கணுமா?"

"நீங்க வந்தா நல்லது," என்றார் கலியமூர்த்தி. பிறகு ஷபியுல்லாவின் எதிரே வந்து, உதடு தெரிய, நிறுத்திச் சொன்னார். "நாளைக்கு டாக்டர் முகத்தைப் பார்க்காதீங்க. உள்ள போனதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உக்காந்துக்குங்க. பின்னால நின்னு கேக்கச் சொல்லுங்க."

ஷபியுல்லா சங்கடமாக நெளிந்தார். "பெரிய மனுசங்களுக்கு முதுகைக் காட்டி உக்காரலாங்களா? அன்னிக்கும் அதான். பெரிய டாக்டரு வாயைத் திறந்து கேக்கறாரு. பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்காதேன்னு..."

"அந்த மரியாதைதான் உங்க கேஸை இவ்வளவு தூரம் மூழ்கடிச்சது பாய்," என்றான் தனக்கோடி. "நாளைக்கு ஒரு நாள் மரியாதை கெட்டவரா இருங்க. வேணும்னா எங்க கணக்குப்பிள்ளைகிட்ட ரெண்டு பாடம் கத்துக்குங்க."

ராஜாங்கம் இதற்கு மேல் நிற்கவில்லை. விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். நடந்துகொண்டே, திரும்பாமல், "திருட்டுச் செவிட்டுப் பசங்க! பார்த்துக்கிறேன், ஒரு சல்லிக்காசு வாங்க விடமாட்டேன்!" என்று உரக்கச் சொன்னார்.

பெண்கள் அத்தனை பேர் முகமும் சுருங்கியது. ஜெரினா தலையைக் குனிந்துகொண்டாள். ஷபியுல்லா மட்டும், அந்த முதுகைப் பார்த்து, போகிறவருக்கு மரியாதையாகக் கையைத் தூக்கி, "போயிட்டு வாங்க சார்!" என்றார்.

ராஜாங்கத்தின் கால் வாசற்படியில் நின்றது.

"திரும்பிச் சொல்லுங்க சார்," என்றான் தனக்கோடி. "முதுகைக் காட்டிச் சொன்னா அவருக்குக் கேக்காது. இத்தினி பேரு சாட்சி."

ராஜாங்கம் திரும்பவில்லை.